கண்ணாடிப் பேழையும் புதுச்சேரி வெயிலும்

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியின் பழைய அஞ்சலட்டைகளைக் கண்டவர்கள் ‘பூஸ்-பூஸ்’ என்னும் வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். அமர்ந்திருப்பவர் முன்னாலுள்ள கைப்பிடியைத் திருப்பித் திசை காட்டுவார். பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். மனிதனை மனிதன் தள்ளிய அந்த ஏற்பாட்டை எண்ணி நாம் ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. எனினும் அந்த வண்டி திறந்த வண்டி. மாட்டு வண்டி, ரிக்‌ஷா என இந்நகரத் தெருக்களில் ஓடியவற்றிலும் காற்று தடையின்றிப் புகுந்து வெளியேறியது. அவற்றில் ஒரு நாயை விட்டுச் சென்றால் அது குதித்து ஓடிவிடும், வெந்து சாகாது.

இன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. கடந்து, குடும்பத்தோடு நாயையும் காரில் அழைத்து வருவோர் உண்டு. நாயோடு நுழைய முடியாத இடங்கள் இங்கே பல. ஆகவே பாரதி பூங்காவையொட்டி மரநிழலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இரு விரற்கடை இறக்கிவிட்டு, “அரை மணி நேரந்தானே” என்று போகிறோம். இப்படி விட்டுச் செல்லலாமா? இக்கேள்விக்கான விடை கார் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதுதான் வியப்பு.

1767ஆம் ஆண்டு ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சொஸ்யூர் ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்தார். நடுப்பெட்டியின் வெப்பம் 87 பாகை செல்சியசைத் தாண்டியது. உள்ளே வைத்த பழங்கள் வெந்தன. பின்னர் அத்தகையதொரு பெட்டியை ஆல்ப்ஸ் மலைக்கும் எடுத்துச் சென்றார். சிகரத்தில் காற்று குளிர்ந்திருந்தது. பெட்டிக்குள்ளோ சமவெளியில் கண்ட அளவுக்கு ஏறத்தாழ நிகரான வெப்பம். ஆகவே உள்ளிருக்கும் வெம்மையைத் தீர்மானிப்பது வெளிக்காற்று மட்டுமன்று. 1824இல் பாரிசில் ஜோசப் ஃபூரியே இந்தப் பெட்டியைக் கொண்டே பூமியின் வெப்பத்தை விளக்க முற்பட்டார். ஒளியாக எளிதில் நுழைவது, வெப்பமாக மாறியபின் கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறுவதில்லை. உள்ளே சூடேறிய காற்றுக்கும் போக்கிடமில்லை.

சொஸ்யூரின் பெட்டிக்குச் சக்கரம் பூட்டினால் அதுவே கார். கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை கூடுவதாகக் கண்டது. அவ்வேற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள் நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. புதுச்சேரியில் 34 பாகை உள்ள ஒரு பகலுக்கு இக்கணக்கைப் பொருத்தினால், அரை மணியில் உள்ளே 50 பாகையைத் தாண்டிவிடும். நிழல் ஓரளவு தணிக்கும். ஆனால் நாம் திரும்பும்வரை நிழல் அங்கேயே நிற்பதில்லை.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை. நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்க அதனால் இயலாது. நாக்கை நீட்டி இளைத்து, ஈரத்தை ஆவியாக்கியே அது தன்னைத் தணித்துக்கொள்கிறது. கடலோர ஊரின் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. மூடிய காரில் நாயின் மூச்சே அந்த ஈரத்தை மேலும் கூட்டுகிறது. அது எவ்வளவு இளைத்தாலும் பயன் குறைந்துகொண்டே போகும். உடல்வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 2003இல் ஒரு கைப்பேசி விளம்பரத்தால் வீடுதோறும் அறிமுகமான பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் விரைவில் வீழும். நீண்ட மூக்குள்ள நம் சிப்பிப்பாறையும் கன்னியும்கூட இதற்கு விலக்கல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1850இல் பிரான்சில் இயற்றப்பட்ட கிராமோன் சட்டம், வளர்ப்பு விலங்குகளைப் பொது இடத்தில் வதைப்பதை மட்டுமே தண்டித்தது. இந்தியாவில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா, அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதிமொழியால் திரும்பப் பெறப்பட்டது. 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியம் 1962இல் அமைந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். விலங்கைப் போதிய இடமின்றி அடைப்பதும் துன்புறும்படி வண்டியில் ஏற்றிச் செல்வதும் அச்சட்டத்தில் குற்றம். நிறுத்திய காரைப் பற்றித் தனியே ஒரு சொல்லும் இல்லை. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். கன்றின்மேல் தேரேற்றிய மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைச் சொல்லி வளர்ந்த நாம் இத்தொகையைக் கண்டு தலைகுனியத்தான் வேண்டும். ஆக்ராவில், தாஜ்மகாலின் வாகன நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் விடப்பட்ட ஒரு நாய் இறந்தது. அதன் உரிமையாளர் கொடியவர் என்று நாம் கருதவில்லை. வீட்டில் தனியே விட மனமின்றித்தான் உடன் அழைத்து வந்திருப்பார். அன்புள்ளவர்களுக்கே நேரக்கூடிய பிழை இது.

பாரதத்தின் முடிவில், உடன் வந்த நாயை விட்டுவிட்டு இந்திரனின் தேரில் ஏற மறுக்கிறான் தருமன். நாம் நாயைத் தேரில் ஏற்றிக்கொள்ளத் தவறுவதில்லை; இறங்கும்போதுதான் மறந்துவிடுகிறோம். இறங்குமிடத்தில் நாய்க்கு இடமில்லையெனில் ஒருவர் அதனோடு வெளியே நிற்கட்டும். அல்லது அது வீட்டிலேயே, தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே நமக்காகக் காத்திருக்கட்டும்.