மட்டையின் எடை: சட்டம் சொல்லாத அளவு



புறப்பாட நடவடிக்கையில் மட்டைப்பந்துக்குப் பொறுப்பாசிரியராக இருக்கும் என்னிடம், "ஐயா, பிள்ளைக்கு எவ்வளவு எடையுள்ள மட்டை வாங்கலாம்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. "கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்கு வரும்" என்று விடையையும் அவர்களே சொல்லிவிடுவர். சீருடைக்குப் பொருந்தும் இந்தச் சிக்கனம் மட்டைக்குப் பொருந்துமா? மட்டையின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

மட்டைப்பந்து பிறந்த இங்கிலாந்தில், தொடக்க காலத்தில் பந்தைத் தரையில் உருட்டியே வீசினர். ஆதலால் மட்டையும் வளைதடிப் பந்தாட்டக் கோலைப்போல் அடியில் வளைந்து, கனமாக இருந்தது. 1760களில் பந்தைத் தரையில் குத்தி எழச்செய்து வீசும் முறை பரவியதும் மட்டை நேரானது. வீச்சு மாறும்போதெல்லாம் மட்டையும் மாறியது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

மட்டைக்கு முதன்முதலில் அளவு வகுக்கப்பட்ட கதை சுவையானது. 1771 செப்டம்பரில் செர்ட்சி, ஹாம்பிள்டன் அணிகள் மோதிய ஆட்டத்தில், தாமஸ் ஒயிட் என்பவர் இலக்குக் கட்டைகளையே மறைக்கும் அளவுக்கு அகலமான மட்டையோடு வந்து நின்றார். அதைத் தடுக்கும் சட்டம் அன்று ஏதுமில்லை. ஹாம்பிள்டன் அணியினர் உடனே எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தனர். மட்டையின் அகலம் நான்கே கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி அவ்வாறே பிறந்தது. 1774இல் ஆட்டச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. இன்றுவரை அந்த அளவு மாறவில்லை. 1835இல் நீளத்திற்கு 38 அங்குலம் என எல்லை வந்தது. 2017 அக்டோபர் முதல் விளிம்பின் தடிமன் 40 மில்லிமீட்டரையும், மட்டையின் மொத்தப் பருமன் 67 மில்லிமீட்டரையும் மிஞ்சக்கூடாது என்றாயிற்று.

அகலம், நீளம், பருமன் ஆகிய மூன்றுக்கும் சட்டம் உண்டு. எடைக்கு மட்டும் அன்றும் இல்லை; இன்றும் இல்லை. அகலமான மட்டை எதிரணிக்கு அநீதி இழைக்கும். கனமான மட்டையோ, அதைச் சுமக்கும் கைக்கே சுமையாகும். ஆகவே அந்தத் தேர்வு ஆடுபவரிடமே விடப்பட்டிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அந்த உரிமையை ஆட்டக்காரர்கள் எவ்வாறு பயன்படுத்தினர்? 1820இல் வில்லியம் வார்டு என்பவர் லார்ட்ஸ் திடலில் 278 ஓட்டங்கள் குவித்தார். அவர் பிடித்திருந்த மட்டையின் எடை 4 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோகிராம் என்பர். கைதாழ்த்திப் பந்து வீசிய அக்காலத்திற்கு அது பொருந்தியது. 1835இல் தோளுயர வீச்சும் 1864இல் தோளுக்கு மேலான வீச்சும் சட்டத்தின் ஒப்புதல் பெற்றன. பந்து விரைந்து, உயர்ந்து வந்தது. வெட்டியும் திருப்பியும் ஆட இலகுவான மட்டை தேவைப்பட்டது. பிரம்பாலான கைப்பிடியைப் பொருத்தும் முறையும் அந்நூற்றாண்டிலேயே பரவியது.

எனினும், காலம் ஒன்றாக இருந்தாலும் கைகள் ஒன்றல்ல. 1934 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மனும் பில் போன்ஸ்ஃபோர்டும் இணைந்து 451 ஓட்டங்கள் சேர்த்தனர். பிராட்மன் 244, போன்ஸ்ஃபோர்டு 266. சிறிய உடலமைப்பு கொண்ட பிராட்மன் ஏறத்தாழ 2 பவுண்டு 2 அவுன்சு மட்டையை விரும்பியவர். போன்ஸ்ஃபோர்டோ 2 பவுண்டு 10 அவுன்சு மட்டைக்குப் பெயர்பெற்றவர். ஒரே திடல், ஒரே பந்துவீச்சு. மட்டைகளுக்கிடையிலோ ஏறத்தாழ கால் கிலோ வேறுபாடு. இவற்றுள் எது சரியான எடை? இரண்டுமே சரிதான், அவரவர் கைக்கு!

இங்கே சிலர், "டெண்டுல்கர் குள்ளமானவர், அவர் 3 பவுண்டுக்கு மேற்பட்ட மட்டையால் ஆடவில்லையா?" என்று கேட்கக்கூடும். உண்மையே. சிறுவயதில் அண்ணனின் பெரிய மட்டையால் ஆடிப் பழகியதாலேயே கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பற்றும் வழக்கம் அவருக்கு வந்தது என்பர். ஆனால் அது ஓர் அரிய திறமையாளரின் கதை. 2004இல் முழங்கை வலி அவரை ஆட்டங்களிலிருந்து விலக்கியதையும், மறு ஆண்டு அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். விதிவிலக்கைப் பார்த்து நம் பிள்ளைக்கு விதி வகுக்கலாகாது.

கனமான மட்டை பந்தைத் தொலைவுக்கு அனுப்பும் என்பது பாதி உண்மையே. மட்டை விரைந்து சுழன்றால்தான் அந்தக் கனம் பயன் தரும். தாங்க இயலாத பிள்ளையின் கையில் சுழற்சி தாமதமாகும். மேற்கை தளர்ந்து கீழ்க்கை ஓங்கும். மட்டை நேராக வராமல் குறுக்கே போகும். நாமோ, "இவனுக்கு நேராக ஆடவே வரவில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வோம்.

ஆகவே, கடைக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். வலக்கையால் ஆடும் பிள்ளையானால் இடக்கையால் மட்டும், இடக்கையால் ஆடும் பிள்ளையானால் வலக்கையால் மட்டும் மட்டையைப் பின்னுக்குத் தூக்கி நேராக முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். தோள் சாய்ந்தாலோ, மணிக்கட்டு நடுங்கினாலோ அது அவனுக்கானது அன்று. தராசை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே எடையுள்ள இரு மட்டைகளில் அடிப்பகுதியில் கனம் திரண்டது கைக்கு அதிகமாகவே தோன்றும். ஐயம் எழுந்தால் இலகுவானதையே எடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு அறையில் உள்ள ஒரே பெரிய மட்டையை மூன்றாம் ஆண்டு மாணவன் முதல் ஆறாம் ஆண்டு மாணவன் வரை அனைவரிடமும் கொடுக்காதீர்கள். சிறிய மட்டைகள் இரண்டையாவது வாங்கி வையுங்கள். அகலத்தை நடுவர் அளந்து பார்ப்பார். எடையை அளந்து பார்க்க நம்மைத் தவிர வேறு யாருமில்லை.