மனை யாருக்கு?

சென்னையினின்று தெற்கே செல்லும் மின்சார ரயில் வண்டலூரைக் கடந்ததும் ஊரப்பாக்கம். பாக்கம் என்றால் சிற்றூர். இன்றோ அங்கே சிற்றூரைத் தேடித்தான் காண வேண்டும்! மாடிமேல் மாடி, மனைக்கு மனை விளம்பரப் பலகை. 2023 டிசம்பர் 30-ல் அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையமும் திறந்தாயிற்று. தென்மாவட்டத்தார் வந்திறங்கும் வாசலே இதுவான பிறகு மனை விலை ஏறாதிருக்குமா? வளர்ச்சி கண்டு மகிழ்வோம். மகிழுமுன் வரலாற்று ஏட்டைச் சற்றே புரட்டுவோம், தோழர்களே! இந்த மண்ணில் குடிசை போட்டுக்கொள்ளும் உரிமையேனும் எல்லோருக்கும் இருந்ததா?

1763-ல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வரி வாங்க வேண்டுமே! 1767 முதல் 1774 வரை பெர்னார்டு எனும் வெள்ளையர் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தார். ஏரி எத்தனை, வீடு எத்தனை, எந்தச் சாதியார், என்ன தொழில் என்பதையெல்லாம் எழுதி வைத்தார். வீட்டை எண்ணினார்களே தவிர, அந்த வீடு நிற்கும் மண் வசிப்பவனுக்குச் சொந்தமா என்ற கேள்வி அன்று எழவில்லை.

எழுந்தது நூறாண்டுக்கும் மேலான பிறகு. 1891-ல் செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இம்மாவட்டத்து ஆதித்திராவிடர் நிலை குறித்து ஓர் அறிக்கை தந்தார். படித்தால் நெஞ்சு பதறும். ஊர் நிலம் மிராசுதார் பிடியில். தரிசு நிலத்துக்கு உழைப்பாளி மனுப் போட்டாலோ, முதல் உரிமை மிராசுதாருக்கே! சேரியில் அவன் படுத்துறங்கும் மனையும் அவனுடையதன்று. எதிர்த்து ஒரு சொல் பேசினால், கூலி உயர்த்திக் கேட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். சாட்டை எதற்கு? மனை ஒன்றே போதுமே அவனை அடக்கிவைக்க!

அவ்வறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம்; பத்தாண்டுக்கு விற்கக்கூடாது; பின்னர் விற்பினும் அவ்வினத்தாருக்கே விற்க வேண்டும். இதுவே பஞ்சமி நிலம். ஆணை ஏட்டில் இருந்தது, நிலம் எங்கெங்கோ போயிற்று! மீட்கக் கேட்டவர்க்குக் கிடைத்தது என்ன? 1994 அக்டோபர் 10-ல் காரணை நிலத்துக்கான கிளர்ச்சியில் போலீசார் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டனர்.

இடையே ஒரு நல்ல காரியமும் நடந்தது. அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டத்தை 1971-ல் தமிழ்நாடு இயற்றிற்று. மனைப்பட்டா என்ற காகிதத்தின் அருமை, இரவோடிரவாக விரட்டப்பட்டவனுக்கே தெரியும்.

இன்றைய ஊரப்பாக்கத்தார் பலர் வெளியூரார். எழுத்தர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர். கடன் வாங்கிக் கட்டிய வீடு, மாதாமாதம் தவணை. ஆலையை நம்பிய கடன் என்னாகும்? மறைமலை நகரில் 1999 முதல் கார் செய்த போர்டு நிறுவனம், 2021-ல் மூடப்போவதாக அறிவித்து, மறு ஆண்டே உற்பத்தியை நிறுத்திற்று. 2024-ல் திரும்பி வருவதாகவும் சொல்லிற்று. தவணை மட்டும் இடையில் நின்று காத்திருக்குமா?

மனை வாங்குமுன் வாஸ்து பார்க்கும் அறிவாளிகளும் உளர்! வாசல் கிழக்கா வடக்கா என்று ஆராய்வர்; தண்ணீர் எத்திசையில் ஓடும் என்று கேளார். இது ஏரிகளின் நாடு, அடையாற்றின் தலைப்பகுதி. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியபோது எந்த மூலையும் காக்கவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாதென 2016-ல் உயர்நீதிமன்றம் தடுத்தது. 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தினால் மனை முறையாகும், சரி. மேடாகுமா?

வாடகைக்கு வீடு தேடும் இளைஞனைக் கேளுங்கள். வீட்டுக்காரர் முதலில் ஊரைக் கேட்பார், பிறகு என்ன சாப்பிடுவாய் என்பார். சாதியைக் கேட்க இத்தனை சுற்றுவழி! வாடகையும் முன்பணமும் தரத் தயாராயிருந்தும், அந்தப் பதிலுக்குப் பிறகு அவன் அடுத்த தெருவுக்கு நடக்கிறான்.

நம் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவரவர் ஊர்க் கணக்கில் பஞ்சமி நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது, இன்று அதன்மேல் யார் வீடு நிற்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.