சட்டியேறும் முன்பே பாதிச் சமையல்: நன்னீர் மீனுக்கு ஏற்ற சில முறைகள்

தேக்கா சந்தையில் வஞ்சிரம், கொடுவா, வவ்வால் என்று கடல்மீனையே வாங்கிப் பழகியவர்கள் திலாப்பியாவைப் பார்த்ததும் சற்றுத் தயங்குவார்கள். “மண்வாடை அடிக்கும்” என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். சிங்கப்பூரின் பெயரைச் சொல்லும் மீன்தலைக் கறியும் கடல்மீனில்தான் சமைக்கப்படுகிறது. ஆனால் தஞ்சை, மதுரை, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்தவர்களுக்கு மீன் என்றாலே ஏரி, குளத்து விராலும் கெண்டையும் கெளுத்தியும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த ருசியை அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலும் கொண்டுவர முடியும். அதற்கு முதலில் மண்வாடையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வாடை மீன் கெட்டுப்போனதன் அடையாளமன்று. நீரிலும் சேற்றிலும் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் ‘ஜியோஸ்மின்’ என்னும் பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசத்துக்குக் காரணமும் இதுவே. செவுள், தோல் வழியாக மீனுக்குள் சென்று கொழுப்பில் தங்கிவிடுவதால், உயிருடன் துள்ளும் மீனிலும் மண்வாடை இருக்கலாம். மீன் பண்ணைகளில் விற்பனைக்கு முன் சில நாள் தீனி போடாமல் தெளிந்த நீரில் விட்டு வைப்பது இதற்காகத்தான். மதுரைப் பக்கம் அயிரை மீனை உயிருடன் பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்த பிறகே குழம்பில் போடுவார்கள். நோக்கம் ஒன்றுதான்.

சமையலறையில் ஜியோஸ்மினுக்கு எதிரி புளிப்பு. அமிலம் பட்டால் அது சிதைந்து வாடை குறைகிறது. ஆற்றுமீனுக்குத் தமிழர் புளியும் மாங்காயும், மலாய்க்காரர் அசாமும் சேர்ப்பது தற்செயல் அன்று.

சொந்தமாகத் தூண்டில் போட்டுப் பிடிக்க விரும்புவோர் விதிகளை அறிந்திருக்க வேண்டும். பிடோக், லோவர் சிலேத்தார், கிராஞ்சி போன்ற நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துள்ள இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். செயற்கை இரைதான் பயன்படுத்தலாம். புழு, ரொட்டி எல்லாம் கூடாது. வலை வீசவும் அனுமதியில்லை. உயிருள்ள விரால் இனம் வேண்டுவோர் சைனாடவுன் காம்பிளெக்ஸ் சந்தைக்குச் செல்லலாம். மலாயில் ‘ஹாருவான்’ எனப்படுவது நம் விரால். ‘தோமான்’ அதைவிடப் பெரிதாக வளரும் அதன் இனம். அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆற இந்த மீனைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் மலாய், சீனக் குடும்பங்களில் நெடுங்காலமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் செய்யும் வேலையில்தான் ருசி நிற்கிறது. திலாப்பியாவின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வை விரலால் சுரண்டி எடுக்க வேண்டும். மீன்காரர் செதிள் நீக்கி வெட்டிக் கொடுத்தாலும் இந்தச் சவ்வு பல நேரம் அப்படியே இருக்கும். கசப்பும் வாடையும் இங்கிருந்துதான் தொடங்கும். செவுளையும் முதுகெலும்பை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தத்தையும் விட்டுவிடக் கூடாது. விரால் வழவழப்பானது. ஊரில் சாம்பல் தூவிக் கல்லில் தேய்ப்பார்கள். வீவக வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கல் உப்பும் அரிசி மாவும் போட்டுத் தேய்த்தால் போதும். கெளுத்தியின் கொழகொழப்பு, சுடுநீரை மேலே ஊற்றினால் எளிதாக வழிந்துவிடும். ஆனால் அதன் பக்க முட்கள் கையைக் கிழிக்கும் என்பதால் அவற்றை முதலிலேயே வெட்டிவிடுவது நல்லது. பிறகு உப்பு, மஞ்சள்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் மீன் சமையலுக்குத் தயார்.

திலாப்பியாவுக்கு வறுவலே பொருத்தம். முழு மீனின் இரு பக்கமும் ஆழமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, உப்பு தடவி அரை மணி நேரம் வைக்கலாம். மேலே சிறிது அரிசி மாவு தூவினால் மொறுமொறுப்பு கூடும். எண்ணெய் நன்கு காய்ந்த பிறகு போட்டு, தீயைக் குறைத்து, ஒரு பக்கம் முழுதாகச் சிவக்கும்வரை தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் சட்டியோடு போய்விடும்.

விராலுக்குக் குழம்பை விட்டால் வேறு எதுவும் இரண்டாம் பட்சம்தான். முள் குறைவு, சதை கெட்டி, கொதியில் உடையாது. நல்லெண்ணெயில் வெந்தயம் பொரிந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி வதக்கி, கெட்டியாகக் கரைத்த பழம்புளியும் மிளகாய், மல்லித் தூளும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். மீன் துண்டுகளும் மாங்காயும் கடைசியில்தான். போட்ட பிறகு கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றுவோரும் உண்டு. ஆனால் தேங்காய் சேர்ந்தால் புளிப்பு மட்டுப்படும், மண்வாடை உள்ள மீனுக்கு அது உதவாது.

கொழுப்பு மிகுந்த பாத்தின் மீனை மலாய்ச் சமையலில் அசாம் பெடாஸாக வைப்பார்கள். புளி, அரைத்த மிளகாய், செராய், லக்சா இலை சேரும் அந்தக் குழம்பு தமிழ் நாக்குக்கு அந்நியமாகத் தோன்றாது. பங்ளாதேஷ் ஊழியர்கள் கூடும் தேக்கா சாலைகளில் உள்ள கடைகளில் உறைந்த ரோகு கிடைக்கும். அதன் சதைக்குள் கவை கவையாக மெல்லிய முட்கள் இருக்கும். தடித்த துண்டுகளாக வெட்டி, முதலில் பொரித்து, பிறகு கடுகு விழுதுக் குழம்பில் இடுவது வங்காள வழக்கம். சிறுவர்களுக்குக் கொடுக்கும்போது முள்ளைப் பெரியவர்களே எடுத்துத் தருவது நல்லது.

எந்த முறையானாலும் நன்னீர் மீன் முழுமையாக வேக வேண்டும். 2015ல் சிங்கப்பூரில் 300க்கும் மேற்பட்டோர் ‘ஜிபிஎஸ்’ எனும் பாக்டீரியா தொற்றுக்கு ஆளாயினர். ஆரோக்கியமான பெரியவர்களுக்குக்கூட மூளையுறை அழற்சி, மூட்டுத் தொற்று ஏற்பட்டது. கஞ்சியுடன் பச்சையாகப் பரிமாறப்பட்ட சோங், தோமான் மீன் துண்டுகளுக்கும் அதற்கும் தொடர்பிருப்பது தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்த உணவுக் கடைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. எலுமிச்சையில் ஊறி வெளுத்த சதை, வெந்ததுபோல் தோன்றினாலும் வேகாததே. தடித்த இடத்தில் கத்தி நுனியால் பிரித்துப் பார்க்கும்போது சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெள்ளையாகி, முள்ளைவிட்டு எளிதில் கழன்றால் வெந்துவிட்டது. மீன் வெட்டிய பலகையில் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்துகொள்ள வேண்டும்.

விரால் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மை. ஆனால் சட்டியை அடுப்பிலேயே இரவு முழுவதும் விடும் பழக்கம் இந்த ஊர் வெக்கைக்கு ஒத்துவராது. ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் கொதிக்கச் சூடாக்கி இட்லியுடன் பரிமாறலாம்.