தோல் ஆராய்ச்சியும் தமிழகத் தோல் தொழிலும்

பாலாற்றங்கரை டேனரிகள், சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், அதன் அண்டை வளாகமான அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய மூன்றுக்கும் இடையே 1940களின் பிற்பகுதியில் உறவு தொடங்கியது. கல்விக்கூடமும் ஆய்வுக்கூடமும் தொழிற்கூடமும் சேர்ந்து நடந்த முயற்சிகளில் இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்தவை சிலவே. பச்சைத் தோலைப் பாதி பதனிட்டுக் கப்பலேற்றிய தொழில், ஷூவும் கைப்பையும் செய்து ஏற்றுமதி செய்யும் தொழிலாக மாறியதில் இவ்வுறவுக்குப் பங்கு உண்டு. அது எவ்வளவு பங்கு என்பதில்தான் வழக்கு.

முன்வரலாறு

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக்குப் பெயர் வாங்கித் தந்த சரக்குகளில் ஒன்று 'ஈ.ஐ. தோல்'. கிழக்கிந்தியா என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் கொண்டு முடித்த தோல் லண்டன் ஏலத்துக்குப் போகும். வாங்கியவர்கள் அங்கே மறுபடி பதனிட்டு, சாயமேற்றி, மெருகிட்டு விற்பார்கள். வேலையின் நாற்றம் இங்கே தங்கியது, விலையின் பெரும்பகுதி அங்கே கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆவாரம் பட்டை போதாமல் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை.

பட்டையை விட்டுக் குரோம் உப்புக்கு மாறும் யோசனை இங்கே ஒரு பேராசிரியரிடமிருந்து வந்தது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அரசுச் செலவில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்தது ஷூ அல்ல, கவலை. கிணற்றில் நீரிறைக்கும் கவலைத் தோல் ஓயாமல் நனைந்து சீக்கிரம் அழுகும். குரோம் தோல் ஈரத்தைத் தாங்கும். முயற்சி சூடுபிடித்த வேளையில், 1910இல், லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு அரசாங்கம் தொழில் நடத்துவதை ஏற்க மறுத்தார். அரசு ஆலை கைமாறியது. ஆனால் குரோம் தோல் தனியார் ஆலைகளில் தழைத்தது. சென்னைக்குத் தெற்கே அப்படி எழுந்த ஓர் ஆலை குரோம்பேட்டை என்ற ஊருக்கே பெயர் தந்தது. அங்கே இறங்கும் ரயில் பயணிகளில் தாங்கள் ஒரு தனிமத்தின் பெயர் கொண்ட ஊரில் இறங்குகிறோம் என்று நினைப்பவர் எத்தனை பேரோ.

நிலையமும் கல்லூரியும்

அழகப்பச் செட்டியாரின் கொடையில் 1944இல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. தோல் தொழில்நுட்பம் அங்கே பட்டப்படிப்பாயிற்று. 1948 ஏப்ரல் 24 அன்று, அப்போதைய மத்தியத் தொழில் அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம், முதலில் சென்னைப் பல்கலைக்கழகமும் பின்னர் அண்ணா பல்கலைக்கழகமும். பாடமும் செய்முறையும் நடந்தது நிலையத்தின் கூரைக்கடியில். காலையில் ஆய்வு செய்தவரே மாலையில் பாடம் நடத்துவார். மாணவர் நிலையத்தின் சோதனை டேனரியிலேயே சுண்ணாம்பு போட்டு, மயிர் நீக்கி, டிரம் சுழற்றிப் பழகுவார்.

இதைச் சிறிய ஏற்பாடாக எண்ணக் கூடாது. தோல் வேலை சாதியோடு பின்னிக் கிடந்த வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆலைகளின் உரிமையாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். மேஸ்திரியின் கைப்பக்குவமே அங்கே சட்டம். அந்தக் கைப்பக்குவத்தை அளவாகவும் வெப்பநிலையாகவும் எழுதிவைக்கத் தெரிந்த பட்டதாரி உள்ளே நுழைந்த பிறகுதான், ஒரு மூட்டை தோல் கெட்டால் ஏன் கெட்டது என்று ஆலைக்குள் கேட்க முடிந்தது. நிலையம் தொழிலுக்குத் தந்தவற்றில் பெரியது எது என்று கேட்டால், காப்புரிமைகளுக்கு முன்னால் இந்தப் பட்டதாரிகளைத்தான் சொல்ல வேண்டும்.

கொலாஜன்

இந்த அண்டை உறவு அடிப்படை அறிவியலிலும் ஒரு பெரும்பேற்றைத் தந்தது. பதனிடுதல் என்பது தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை அழுகாதபடி கட்டிப்போடும் வேலை. அந்தப் புரதத்தின் வடிவம் 1950களின் தொடக்கத்தில் யாருக்கும் தெளிவாகவில்லை. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952இல் தலைமையேற்ற ஜி. என். ராமச்சந்திரன், நகருக்கு வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே. டி. பெர்னலுடன் பேசியதிலிருந்து இதில் ஈடுபட்டார். ஊடுகதிர்ப் படமெடுக்க நல்ல கொலாஜன் வேண்டும். கங்காருவின் வால் தசைநார் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மும்முறுக்குச் சுருள் அமைப்பு, மறு ஆண்டே அவர்களாலேயே திருத்தப்பட்டு, இன்றும் ஏற்கப்படும் வடிவத்துக்கு அடிப்படையாக நிற்கிறது. எந்த டேனரியும் அதனால் மறுநாளே லாபம் பார்த்துவிடவில்லை. ஆனால் குரோம் எங்கே போய்ப் பற்றுகிறது என்ற கேள்விக்கு அதன்பின் ஒரு வரைபடம் இருந்தது.

கதவுகள் மூடியபோது

1958 முதல் 1971 வரை தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா ஆய்வாளர்களை ஆலைகளுக்கும் கிராமத்துத் தோல் தொழிலாளரிடமும் அனுப்பினார். உரிமையாளர்கள் மரியாதையோடு வரவேற்றார்கள். மாறுவதற்குத்தான் அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. ஈ.ஐ. தோல் விற்றுக்கொண்டிருந்தது.

அவசியத்தை உண்டாக்கியது அரசு. சீதாராமையா குழு 1972இல் தந்த பரிந்துரையை ஒட்டி, 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்டு முடித்த தோல், அல்லது அதில் செய்த பொருள். அதற்குத்தான் வழி திறந்திருந்தது. நூறாண்டு பாதி வேலை செய்தவர்கள் மீதிப் பாதியைச் சில ஆண்டுகளில் கற்க வேண்டியதாயிற்று. நிலையத்தில் படித்தவர்களுக்கு ஆலைகளில் தேவை கூடியது அப்போதுதான். நிலையத்தின் ஆதரவாளர்கள் இங்கே விட்டுவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபினிஷிங் வேலையின் நெளிவு சுளிவுகளைக் கற்பித்ததில் வெளிநாட்டு வேதிப்பொருள் நிறுவனங்களின் டெக்னீஷியன்களுக்கும், நிறம் சரியில்லை என்று சரக்கைத் திருப்பி அனுப்பிய ஐரோப்பிய வாங்குநர்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ளும் ஆளை உள்ளே வைத்திருந்ததே நிலையத்தின் பங்கு.

அடுத்த கதவை ஜெர்மனி மூடியது. பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் சேர்த்த பென்டாகுளோரோபினாலுக்கு 1989இல் அங்கே தடை வந்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அவ்வளவு நுணுக்கமாக அளக்கும் கருவி சிறு ஆலைகளிடம் இல்லை. நிலையத்திடம் சோதனைக்குப் போனார்கள், மாற்று மருந்தும் கேட்டார்கள். சில அசோ சாயங்களுக்கு 1990களின் நடுவில் அதே நாடு தடை விதித்தபோது இந்தப் பாதை பழகியிருந்தது.

பாலாறு

மூன்றாவது கதவை மூடியது உச்ச நீதிமன்றம். டேனரிக் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழ்பட்டதாகத் தெரிந்ததும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. ஆக, ஒரு பல்கலைக்கழகம் தொழிலுக்கு ஆள் பயிற்றுவித்தது. இன்னொன்று அதற்கு எதிரான சான்றைத் திரட்டியது. 'பல்கலைக்கழக–தொழில் உறவு' என்று பேசும்போது இந்த இரண்டாவது வகையும் கணக்கில் வர வேண்டும். தொழிலை உண்மையில் அசைத்தது அதுதான்.

வழக்கு நடந்த ஆண்டுகளில் ஆலைகள் நூற்றுக்கணக்கில் மூடிக் கிடந்தன. குரோம் வேதியியலில் தேர்ந்த டி. ராமசாமி 1996இல் நிலையத்தின் இயக்குநரானார். கழிவுநீரிலிருந்து குரோமை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, அமிலத்தில் கரைத்து, மீண்டும் டிரம்முக்கே அனுப்பும் முறை பரவியது. வழக்கமான பதனிடுதலில் போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்களவு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததால், இது காசையும் மிச்சப்படுத்தியது. தனித்தனியே சுத்திகரிக்க வசதியில்லாத ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. போட்டியாளர்கள் ஒரே குழாயில் கழிவை விட்டதால் ஒருவர் ஆலையில் நடப்பது மற்றவருக்கும் தெரிய வந்தது. எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி இடிந்து 10 பேர் இறந்தார்கள்.

ஆராய்ச்சி நிலையம் பின்னர் நீரில்லாக் குரோம் பதனிடும் முறையையும் ஆலைகளுக்குக் கொண்டுசென்றது. உப்புக்குத்தான் இன்னும் முழு விடை இல்லை. ஆடு மாட்டுத் தோல் அழுகாமலிருக்க அறுத்த இடத்திலேயே அப்பும் சாதாரண உப்பு, டேனரியில் கழுவும்போது நீரில் கரைகிறது. குரோமைப் போல அதை வீழ்த்திப் பிரிக்க முடியாது. சவ்வில் வடித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால் அழுக்கேறிய கலப்பு உப்பு நிற்கும். வாங்க ஆளில்லாத அந்த உப்பு, சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.