ஹெரால்டைத் திண்ணையில் வைத்துப் பிரிக்க முடிவது ஏன்?



காலமான என் அண்ணனின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாசலில் பிரித்துப் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல ஒத்த ஆளா எப்படி சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டிலோ அதைப் பழைய இரும்புக்கடைக்குப் போடச் சொல்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான். சரித்திர வாத்தியார் ஆயிற்றே, 1953-இல் இருந்துதான் தொடங்குவேன்.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, தன் கார்களுக்கான பாடியை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த புது மாடலுக்கு முழு பாடி செய்து தர ஆளில்லை. என்ன செய்வார்கள்? மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்குத் திரும்பினார்கள். அடியில் தனிச் சேசிஸ். அதன்மேல், வெவ்வேறு இடங்களில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்குவது. இத்தாலியர் ஜியோவானி மிக்கலாட்டி உருவம் வரைந்தார். 1959-இல் டிரயம்ஃப் ஹெரால்டு வந்தது. கூரைகூட போல்ட்தான்!

துண்டு துண்டாக இருந்ததால் வெளிநாடுகளில் பூட்டுவதும் சுலபமாயிற்று. 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. 1968-இல் வந்த நான்கு கதவு ஹெரால்டு நம்மூரில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. (நம்முடையது அதற்கு முந்தைய இரண்டு கதவு வண்டி.)

அம்பாசிடரிலும் பழைய ஃபியட்டிலும் பாடிதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு துருப்பிடித்தால் வண்டியின் பலமே குறையும். ஹெரால்டில் அந்தத் தகடு வெறும் போர்வை. கழற்றலாம், சுரண்டலாம், திரும்ப மாட்டலாம். பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே பாகமாக முன்பக்கம் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இடது மட்கார்டில் பெரிய ஒடுக்கு. எப்போதோ ஒரு பட்டறையில், துருவைக்கூட எடுக்காமல் அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி பூசியிருந்தார்கள். பட்டி ஈரத்தைக் குடிக்கும். உள்ளே துரு வளர்ந்து பெயின்ட் கொப்பளித்திருந்தது. எல்லாவற்றையும் பெயர்த்தேன். ஒடுக்கின் நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். ஒரு பக்கம் இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடித்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். நான்கு சாயங்காலம் ஆயிற்று. மிச்சமிருந்த மேடுபள்ளத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பட்டி. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன். நம் கடற்காற்றில் வெறும் தகடு ஒரு ராத்திரி தாங்காது.

பிரிக்க முடிகிற வண்டிக்கு அதுவே நோயும்கூட. இத்தனை இணைப்புகள் இருந்தால் அத்தனையிலும் மழைத்தண்ணீர் தேங்கும். கவலைப்பட வேண்டியது சேசிஸைப் பற்றித்தான். ஸ்க்ரூடிரைவரால் நீளக் குத்திப் பார்த்துவிட்டேன். நடு உத்திரங்கள் இரண்டும் கெட்டி. பின்பக்கம் பாடியைத் தாங்கும் ஒரு கைச்சட்டம் மட்டும் ஓட்டை. அதை வெட்டி வெல்டிங் வைப்பது என் வேலையல்ல, டிங்கரிங் தெரிந்தவர் வருகிறார். ஆகவே இரும்புக்கடைப் பேச்சை இத்தோடு விடுங்கள். வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலை 1980-களின் இறுதியிலேயே மூடியாயிற்று. தூக்கிப் போட்ட தகடு திரும்பி வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கதவுகளை மாட்டப் போகிறேன், தூக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். வருகிறவர்கள் மில்லிமீட்டர் ஸ்பேனர் கொண்டுவராதீர்கள், பொருந்தாது. அரை அங்குலமும் ஏழு பதினாறும் இருந்தால் எடுத்து வாருங்கள்.