இரு வண்டிகளும் ஒரு பால்வாளியும்



மலாக்கா நகரில் தெங்கேராவின் தார்ச்சாலையில் செல்லும் வண்டி வேறு. ஜாசின், அசகான் வட்டாரத் தோட்டங்களின் செம்மண் தடத்தில் செல்லவேண்டிய வண்டி வேறு. மழைக்கு மறுநாள் தோட்டத்துப் பாதையைக் கண்டவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பாதைக்கேற்ற வண்டி என்பதற்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றிய இரு வண்டிகளைச் சான்றாகக் கொள்வோம். ஒன்று இங்கிலாந்தின் லேண்ட்ரோவர்; மற்றது அமெரிக்காவின் செவர்லே கார்வெட்.

ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், போர்க்காலத்து ஜீப் ஒன்றைத் தம் பண்ணையில் ஓட்டிவந்தார். அதிலிருந்து பிறந்த எண்ணமே லேண்ட்ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான். ஆயினும் இயந்திர விசை நான்கு சக்கரங்களுக்கும் சென்றது. பின் சக்கரங்கள் சேற்றில் வழுக்கினால் முன் சக்கரங்கள் இழுத்தன.

கார்வெட்டை 1953 ஜனவரியில் நியூயார்க்கில் காட்டினார்கள். இருவர் மட்டுமே அமரக்கூடிய அவ்வண்டிக்கு 150 குதிரைத்திறன். அகன்ற நெடுஞ்சாலையில் விரைவதற்கென்றே செய்தது. அவ்வாண்டில் வெளிவந்தவை 300 வண்டிகளே.

இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டின் மேலுடலும் எஃகுத் தகட்டால் ஆனதன்று. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்ததால், லேண்ட்ரோவருக்கு அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினர். எஃகுத் தகட்டை வளைக்கும் அச்சுகளுக்குக் காலமும் பணமும் மிகுதியாகும் என்பதால், கார்வெட்டுக்குக் கண்ணாடியிழையைத் தேர்ந்தனர். ஒன்றுக்குப் பற்றாக்குறையும் மற்றதற்கு அவசரமும் புதுவழி காட்டின.

மற்றோர் ஒற்றுமை நம் மண்ணைச் சார்ந்தது. இரண்டும் ஓடியது ரப்பர்ச் சக்கரங்களின் மேல். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். போருக்கு முன் மலாயா ரப்பரை மிகுதியாக வாங்கிய நாடும் அமெரிக்காவே.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் காவற்படையும் தோட்டத்துரைமாரும் லேண்ட்ரோவரைப் பெரிதும் நம்பியிருந்தனர். துரை அதில் ஏறித் தோட்டத்தைச் சுற்றிவந்தார். அந்தத் தடத்தைக் காடழித்து வெட்டியவர்கள் பால்வாளியைச் சுமந்து அதன் ஓரமாக நடந்தார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன்பே அவர்கள் மரத்தடியில் நின்றார்கள்.

கார்வெட் எட்டாம் தலைமுறையைக் கண்டுவிட்டது. பழைய அமைப்பைத் தழுவிவந்த லேண்ட்ரோவர் 2016 ஜனவரியோடு நின்றது. வடித்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. சக்கரத்துக்குப் பால் தந்தவர்களின் பெயர்களோ பல தோட்டங்களில் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமையாகும்.