அரசு நிலம் கைமாறும் விதிகள்: திருப்புட்குழி வட்டாரத்தை முன்வைத்து

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ள சிற்றூர் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் இவ்வூரின் அடையாளங்கள். இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்பது வைணவ மரபு. அருகிலேயே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. சாலை, ஊர்ப் புறம்போக்கு, கோயில் நிலம் ஆகிய மூன்றும் வழிப்போக்கருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அவை மூன்றும் வேறு வேறு.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கினார். காஞ்சிபுரம் வட்டாரமும் அதில் அடங்கும். 1858இல் கம்பெனியின் உடைமைகள் பிரிட்டிஷ் முடியாட்சிக்குப் போயின. சாலை, ஆற்றுப்படுகை, ஏரி முதலியவை, பிறர் உடைமை என்று நிறுவப்பட்டாலன்றி, அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் அறிவித்தது. 1950 சனவரி 26 முதல், அரசியலமைப்பின் 294ஆம் உறுப்பு இச்சொத்துகளை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பகிர்ந்தளித்தது.

சாலையின் கதை எளிது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. 1988இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் கீழ், ஒன்றிய அரசு அவற்றை நெடுஞ்சாலை ஆணையத்திடம் ஒப்படைக்கலாம்.

மாநில அரசின் ஒரு துறைக்கு வருவாய்த் துறையின் நிலம் தேவைப்பட்டால் விற்பனைப் பத்திரம் எழுதுவதில்லை. அரசு தன் நிலத்தைத் தானே கையகப்படுத்தவும் முடியாது. உச்ச நீதிமன்றம் சாரதா தேவி வழக்கில் (2003) இதைத் தெளிவாக்கியது. எனவே நிலமாற்றம் நிர்வாக ஆணையாகவே நடக்கிறது. இதற்கான நடைமுறை, பழைய வருவாய் வாரியம் வகுத்த நிலை ஆணைகளில் உள்ளது. வாரியம் 1980இல் கலைக்கப்பட்டது. ஆணைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஒன்றியமும் மாநிலமும் மோதினால்? நிலக்கரி நிலங்களைப் பற்றிய வழக்கில் மேற்கு வங்கம் இக்கேள்வியை எழுப்பியது. மாநிலத்தின் சொத்தையும் கையகப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1962 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். கூட்டாட்சி பற்றிப் படிக்கும் மாணவர்கள் அவருடைய மாறுபட்ட தீர்ப்பையும் படிக்க வேண்டும்.

ஊர்மக்களை நேரடியாகத் தொடுவது புறம்போக்குதான். மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியைச் சார்ந்தவை என்கிறது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 (பிரிவு 134). இவற்றில் ஒன்றைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஊராட்சியைக் கலந்த பிறகே அவர் அறிவிக்கை வெளியிட வேண்டும். 'கலந்த பிறகு' என்பது 'இசைவு பெற்ற பிறகு' ஆகாது. ஊரின் பிடி அந்த அளவுக்கே. ஆயினும் கேட்காமலே எடுப்பதற்கும் கேட்டுவிட்டு எடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆடுமாடு மேய்ப்பவருக்கு அந்த ஒரு கூட்டத்தில்தான் பேச இடம் கிடைக்கிறது. நீர்நிலை என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பஞ்சாபில் ஊர்க்குளத்தை ஆக்கிரமித்தவர்களிடம் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிட ஆட்சியர் முற்பட்டதை, ஜக்பால் சிங் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கோயில் நிலம் அரசு நிலமே அன்று. அது அறநிலையத்துறையின் மேற்பார்வையில் இருப்பதால் பலர் குழம்புகின்றனர். 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி விற்பனை, பரிமாற்றம், அடமானம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவை ஆணையரின் ஒப்புதலின்றிச் செல்லாது. அது கோயிலுக்குத் தேவை அல்லது நன்மை என்று அவர் கருதவேண்டும். முன்னதாக அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களையும் கேட்கவேண்டும். 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தை வீரசோழபுரம் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தில் கட்ட முனைந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. நிலம் கேட்டது அரசே என்றாலும், கோயில் அங்கே தனி உரிமையாளர்.